பூவுக்குள் பீரங்கி வரலாமா?

டீச்சரைக் கேளுங்கள்: மயிலாப்பூர் டிராயிங் டீச்சர் பதில்கள்

இந்த முறை போரையும் ஓவியத்தையும் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உக்ரைன் ஓவியர் ஒருவர் வரைந்த படம் மொபைலில் வந்தது, டீச்சர். சிவப்புப் பழக்கொத்து, சுருள் சுருளாக இலை, நடுவே எரிந்துபோன ராணுவ வண்டி. பார்க்க அழகாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. சாவை இப்படி அலங்கரிக்கலாமா?
வாசகி, ஆதம்பாக்கம்

உறுத்தட்டும். உறுத்தாமல் போனால்தான் கவலை. ஆனால் அந்தப் பூக்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெத்ரிகிவ்கா பாணி. அந்தப் பெயர் கொண்ட கிராமத்துப் பெண்கள் வெள்ளையடித்த வீட்டுச் சுவரிலும் அடுப்பைச் சுற்றியும் வரைந்து வளர்த்த கலை. பென்சிலால் முன்கூட்டி கோடு போடுவது கிடையாது. பூனை முடியில் கட்டிய மெல்லிய தூரிகையால் நேராக இழுப்பார்கள். அந்தச் சிவப்புப் பழத்துக்குத் தூரிகைகூட வேண்டாம், விரல் நுனியைச் சாயத்தில் தொட்டு ஒற்றினால் ஒரு பழம். 2013-இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது.

சுவரில் பழம் ஒற்றிப் பழகிய கை அது. இப்போது அந்தச் சுவரே இடிகிறது. அந்தக் கை தனக்குத் தெரிந்த மொழியில்தானே பேசும்? புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொண்டு வந்து அழ முடியாது.

மரியா ப்ரிமசென்கோ என்று ஒரு அம்மா இருந்தார். 1909-இல் கீவ் பக்கத்தில் போலோத்னியா என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் போலியோ. அவருடைய அம்மா எம்ப்ராய்டரி செய்பவர். கதையில் வரும் மிருகங்களைப் பூவும் புள்ளியுமாக வரைந்தே உலகப் புகழ் பெற்றார். 1978-இல் அணுப்போரைச் சபித்து ஒரு ஓவியம் தீட்டினார். அதிலும் போர் ஒரு மிருகமாகத்தான் வருகிறது. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது அவர் ஊருக்கு அதிகத் தூரமில்லை. அதையும் அதே பூக்களோடு வரைந்தார். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைந்த முதல் நாட்களிலேயே, அவர் ஓவியங்களை வைத்திருந்த இவான்கிவ் அருங்காட்சியகம் எரிந்தது. ஊர்க்காரர்கள் எரிகிற கட்டடத்துக்குள் போய்ச் சில ஓவியங்களை வெளியே கொண்டுவந்தார்கள். வெறும் அலங்காரம் என்றால் யாராவது நெருப்புக்குள் போவார்களா?

எனக்கு ஒப்பாத வகையும் ஒன்று உண்டு. பூ பார்டர் ஒன்றை டவுன்லோடு செய்து நடுவில் துப்பாக்கியை ஒட்டுவது. பூ தன்பாட்டுக்கு நிற்கும், துப்பாக்கி தன்பாட்டுக்கு நிற்கும். ஆப்கானிஸ்தானின் போர்க் கம்பளங்கள் அப்படி இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை வந்த பிறகு, பூ இருந்த இடத்தில் ஹெலிகாப்டரும் கலாஷ்னிகோவ் துப்பாக்கியும் முடிச்சு முடிச்சாக வந்து உட்கார்ந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் வழக்கமான கம்பளம். கிட்டே வந்தால்தான் ஓரத்தில் வரிசையாகப் போவது டாங்கி என்று தெரியும். நெசவின் கணக்கு மாறவில்லை, அதற்குள் போர் நுழைந்திருக்கிறது. உங்கள் படத்திலும் அந்த வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். இலையை இழுத்த அதே கைவீச்சில் வந்திருந்தால் அது உண்மையான வேலை.

நம்மிடம் போரைச் சொல்லும் நாட்டுப்புறக் கலை உண்டா? கோயில் சிற்பத்தைச் சொல்லாதீர்கள்.
வாசகர், பெரம்பூர்

நடுகல் இருக்கிறதே! ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊர் எடுத்த கல். கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்பு, கால் பக்கம் மாடு. பெரிய சிற்பியின் நளினம் பல கற்களில் இருக்காது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று பெயர், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் உண்டு. பெரம்பூரில் இருந்து எவ்வளவு நேரம், போய்ப் பாருங்கள்.

நான் இங்கே பிறந்தவள். அம்மம்மா 2009-க்குப் பிறகு இலங்கையின் வன்னியில் இருந்து வந்தார். பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, மண்மூட்டை போதாமல் தன் கல்யாணக் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்ததாக ஒரே ஒரு தடவை சொன்னார். அதை ஆரி எம்ப்ராய்டரியில் செய்ய ஆசை. குண்டு போட்ட கிபிர் விமானம், செல்லடி எல்லாம் கோலம் மாதிரி போட்டுப் பார்த்தேன். ஏதோ சரியில்லை.
வாசகி, வளசரவாக்கம்

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன், அம்மா. கடைசி யுத்தத்தில் வன்னியில் எத்தனையோ பெண்கள் இதைச் செய்தார்கள். சாக்கு கிடைக்கவில்லை, பெட்டியில் மடித்து வைத்த சேலைதான் மிஞ்சியது.

முதலில் கிபிரை எடுத்துவிடுங்கள். பங்கருக்குள் குனிந்திருந்தவருக்கு அது சத்தம்தான். அவர் கண்ணெதிரே இருந்தது மூட்டை. கூறையின் கரை அந்த மூட்டையில் எந்தப் பக்கம் வந்தது? துணி மடங்கிய இடத்தில் அன்னமோ மயிலோ பாதியாக வெட்டுப்பட்டதா? முந்தானை எந்த மூட்டைக்குப் போனது? மண் நிறைந்து வயிறு புடைத்தபோது ஜரிகை எங்கே இழுபட்டது? எந்த நூலால் தைத்தார்? கேளுங்கள். அவர் பேச விரும்பும் நாளில், அவர் சொல்கிற அளவு மட்டும். வேண்டாம் என்று சொன்னால் இந்த வேலையை அப்படியே விட்டுவிடுங்கள், அந்தச் சேலை அவருடையது.

சரி என்றால், காடாத் துணியில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கரையை மட்டும் ஆரி ஊசியால் ஜரிகை நூலில் நெருக்கமான சங்கிலித் தையலாகப் போடுங்கள். ஒரு மூட்டையின் கரை அடுத்ததோடு பொருந்தவே கூடாது. மண் இருக்கும் பகுதியைத் தைக்காமல் விடுங்கள். மூட்டையின் வாயில் மட்டும் கைத்தையல், அவசரமாக, இடைவெளி விட்டு. அந்தத் தையலை ஒழுங்குபடுத்திவிடாதீர்கள்.

லாவோஸில் இருந்து 1975-க்குப் பிறகு மெகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடிவந்த மோங் இனப் பெண்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். அதுவரை கட்டமும் சுருளுமாகத் தைத்தவர்கள், முகாமில் ஆற்றையும் சிப்பாயையும் மூட்டை சுமந்து ஓடும் குடும்பத்தையும் தைத்தார்கள். துணியின் ஓரத்தில் பழைய முக்கோண வரிசை அப்படியே ஓடும். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

உக்ரைன் பூ டிசைனை டி-ஷர்ட்டில் போட்டு விற்கலாம் என்று நண்பர்கள் யோசிக்கிறோம். தப்பா?
வாசகர், திருவான்மியூர்

விற்பது தப்பில்லை. ஆப்கான் கம்பளங்கள் பாகிஸ்தானின் பெஷாவர் கடைகளில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றவைதான், நெய்தவர்களும் சாப்பிட வேண்டுமே. ஆனால் அது அவர்கள் ஊர்ப் போர், அவர்கள் கை. நீங்கள் எடுப்பது இன்னொருவர் வீட்டுச் சுவரில் இருந்து. அதனால் வரைந்த ஓவியரிடம் எழுதிக் கேளுங்கள், கிடைப்பதில் ஒரு பங்கை அவருக்கு அனுப்புங்கள். கழுத்துப் பட்டிக்குள் அவர் பெயரையும் ஊரையும் தமிழிலேயே அச்சிடுங்கள். அதெல்லாம் முடியாது என்றால் இந்த டிசைன் வேண்டாம், உங்கள் தெருவில் மார்கழிக்குக் கோலம் போடும் யாரிடமாவது கேட்டு, காசு கொடுத்து வாங்கிப் போடுங்கள். அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மாதிரி அனுப்புங்கள். சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.