இரு கருந்துளைகள் இணைய எத்தனை காலம் ஆகும்?

வாசகர் கேள்வி: தலா 30 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றுவதாக வைத்துக்கொண்டேன். அந்த இடைவெளியை, அது இப்போது குறையும் வேகத்தால் வகுத்தால் 24 லட்சம் கோடி ஆண்டுகள் வருகின்றன. சூத்திரம் 6 லட்சம் கோடி என்கிறது. எது சரி?

பதில்: 6 லட்சம் கோடிதான் சரி. சுருங்கும் வேகம் கடைசிவரை மாறாது என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்கள் விடை பெரிதாகிவிட்டது. ஈர்ப்பலைகள், அதாவது நிறைகள் சுற்றும்போது வெளியில் எழும் அதிர்வலைகள், ஆற்றலை எடுத்துச் செல்லச் செல்லச் சுற்றுப்பாதை சுருங்குகிறது. இடைவெளி பாதியானால் சுருங்கும் வேகம் எட்டு மடங்காகிறது. இதைத் தொகையிட்டால் நீங்கள் கண்ட காலத்தில் சரியாக நான்கில் ஒரு பங்கு கிடைக்கும்.

வட்டப் பாதைக்கு இயற்பியலாளர் பீட்டர்ஸ் 1964இல் தந்த சூத்திரத்தைக் கையாள எளிய வழி இது: தூரத்தை வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு) நிறைகளைச் சூரிய நிறையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தின் நான்காம் அடுக்கை, இரு நிறைகளின் பெருக்கற்பலனாலும் அவற்றின் கூட்டுத்தொகையாலும் வகுத்து, 3.2 × 10¹⁷ ஆல் பெருக்கினால் விடை ஆண்டுகளில் வந்துவிடும்.

அந்த நான்காம் அடுக்கைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் காலம் பத்தாயிரத்தில் ஒன்றாகி, உங்கள் இணை சுமார் 60 கோடி ஆண்டுகளில் ஒன்றாகிவிடும். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளுக்குள் இணைய வேண்டுமானால், தொடக்க இடைவெளி ஏறத்தாழ 0.22 வானியல் அலகு, அதாவது சூரிய ஆரத்தைப்போல் 47 மடங்குதான் இருக்கலாம். இத்தகைய கருந்துளைகளைப் பெற்றெடுக்கும் விண்மீன்களோ முதுமையில் நூற்றுக்கணக்கான சூரிய ஆரங்களுக்கு வீங்கக்கூடியவை. பிறகு எப்படி இவ்வளவு நெருங்கின? ஒரு விண்மீனின் வெளியுறைக்குள் மற்றொன்று புகுந்து சுழன்றிருக்கலாம். நெரிசலான விண்மீன் கொத்துகளில் பிற பொருள்கள் குறுக்கிட்டு இவற்றை நெருக்கியிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் உயிரான கேள்வி இதுவே.

பாதை நீள்வட்டமானால் கணக்கே மாறும். மிக அருகில் வரும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் இழப்பு பன்மடங்காவதால், மையத்தொலைத் தகவு (பாதை எவ்வளவு நீண்டது என்பதன் அளவு, வட்டத்துக்கு 0) 0.9 ஆனாலே காலம் ஏறக்குறைய 300 மடங்கு குறையும். உங்கள் இணைக்கு அப்போதும் 2,000 கோடி ஆண்டுகள் வேண்டும், தகவு 0.95 என்றால் சுமார் 220 கோடி போதும்.

கருந்துளைகள் ஒட்டிவரும் கடைசிக் கட்டத்தில் இந்தச் சூத்திரம் துல்லியம் இழக்கும். அங்கே பொதுச் சார்பியலின் முழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்க வேண்டும். ஆனால் மொத்தக் காலத்தை அது பாதிக்காது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலை ஆய்வகம் பதிவு செய்த முதல் ஈர்ப்பலையில், 36, 29 சூரிய நிறைகள் கொண்ட இணையின் குறிப்பலை 35 ஹெர்ட்ஸிலிருந்து உச்சத்தை எட்ட எடுத்துக்கொண்டது சுமார் 0.2 வினாடிதான்.