ஜூனிலேயே செப்டம்பர் கடல்: பெரில் ஹரிகேன் பற்றிக் கேள்வி பதில்

சரக்குக் கப்பல்களில் இருபது வருடத்துக்கு மேல் இன்ஜினியராக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் கரீபியனிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் போனது. கரையேறிவிட்டாலும், காலையில் காபியோடு கடல் வெப்பநிலை வரைபடம் பார்க்கும் பழக்கம் விடவில்லை. 2024-ல் அட்லாண்டிக்கில் உருவான பெரில் என்ற ஹரிகேன் (அந்தப் பக்கத்துக் கடும்புயலுக்கு அதுதான் பெயர்) பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: சார், ஹரிகேன் சீசன் ஜூன் 1-லேயே தொடங்கிவிடுகிறதே. ஜூன் கடைசியில் ஒன்று வந்ததில் என்ன ஆச்சரியம்?

சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பது நாட்காட்டிக் கணக்கு. கடல் அந்தத் தேதிக்குத் தயாராவதில்லை. 1991 முதல் 2020 வரையிலான சராசரியில் முதல் ஹரிகேன் வருவது ஆகஸ்ட் 11 வாக்கில். காற்றின் வேகத்தை வைத்து ஹரிகேனை ஒன்று முதல் ஐந்து வகை வரை பிரிப்பார்கள்; அதில் மூன்றாம் வகையாகவோ அதற்கு மேலோ வளரும் முதல் ஹரிகேனுக்கு செப்டம்பர் பிறந்துவிடும். ஜூனில் வருபவை பெரும்பாலும் மெக்சிகோ வளைகுடாவிலோ மேற்குக் கரீபியனிலோ பிறந்து, மழையைக் கொட்டிவிட்டுப் போகும் சவலைப் பிள்ளைகள்.

பெரில் அந்த வகையில்லை. ஜூன் 28 அன்று ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் நடுவே திறந்த கடலில் பிறந்தது. 29 அன்று ஹரிகேன், 30 அன்று நான்காம் வகை. ஜூன் மாதத்தில் நான்காம் வகை என்பது பதிவேட்டில் அதற்கு முன் ஒரு தடவைகூட இல்லை. ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த கேரியகூ தீவில் மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு கரையேறியது. அன்றிரவே ஐந்தாம் வகை ஆகிவிட்டது. அதற்கு முன் வருடத்தின் மிகச் சீக்கிரமான தேதியில் ஐந்தாம் வகையைத் தொட்டது 2005-ல் வந்த எமிலி. அதுவும் ஜூலை நடுவில்தான்.

தஞ்சாவூர்: ஐயா, கடல் சூடாக இருந்தால் புயலுக்கு எப்படி பலம் வருகிறது? சூடு எப்படிக் காற்றாகிறது?

இட்லி குண்டான் மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் சுரீர் என்கிறதல்லவா? ஆவி கையில் பட்டுத் தண்ணீராகும்போது, ஆவியாவதற்காக வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. புயலிலும் இதுதான் நடக்கிறது. கடல்நீர் ஆவியாகி மேலே போய், மேகமாக மாறும்போது அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுக்கிறது. சூடான காற்று இன்னும் வேகமாக ஏற, கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கி நாலாபுறமும் இருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து சுழல்கிறது. காற்று வேகம் கூடினால் ஆவியும் கூடும், ஆவி கூடினால் வேகமும் கூடும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குக் கடல் குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அது மதில் சுவர் இல்லை. 2016 ஜனவரியில் அலெக்ஸ் என்று ஒரு ஹரிகேன் அசோர்ஸ் தீவுகள் பக்கம் உருவானது. கடல் 22 டிகிரி அளவில்தான் இருந்தது. மேலே காற்று வழக்கத்தைவிட அதிகக் குளிராக இருந்ததால் அந்தச் சூடே போதுமானதாக இருந்தது. கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

தூத்துக்குடி: அண்ணே, மேல்மட்டம் சூடாக இருந்தால் போதாதா? ஆழத்தையும் ஏன் சொல்கிறார்கள்?

தம்பி, எனக்குப் பிடித்த கேள்வி. கப்பலில் கடல்நீரை இழுத்துத்தான் இன்ஜினைக் குளிர வைப்போம். அந்தக் குழாயில் ஒரு வெப்பமானி இருக்கும். நாலு மணி நேர வாட்ச் முடியும்போது அது காட்டுவதை லாக் புக்கில் எழுதிவிட்டுத்தான் மேலே போக முடியும். ஒருமுறை கரீபியனில் புயல் போய் ஐந்தாறு நாள் கழித்து அதன் தடத்தைக் குறுக்கே கடந்தோம். 29-ல் நின்றிருந்த முள் மெல்ல இறங்கி 26-க்கு வந்தது. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். சில மணி நேரத்தில் மறுபடி 29.

புயல் போகிற போக்கில் கடலைக் கடைந்துவிடுகிறது. அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து, புயலே தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது. மேலே பத்து மீட்டர் மட்டும் சூடு என்றால் சீக்கிரம் அணைந்துவிடும். ஐம்பது, நூறு மீட்டர் வரை சூடு என்றால் எவ்வளவு கடைந்தாலும் மேலே வருவது வெந்நீர்தான். 2024 ஜூன் கடைசியில் அந்தப் பகுதியில் ஆழம்வரை சேர்த்துக் கணக்கிட்ட கடல் வெப்பம், வழக்கமாக செப்டம்பரில் இருக்கும் அளவை எட்டியிருந்தது.

கிழக்குக் கரீபியனில் இன்னொரு விசேஷமும் உண்டு. அமேசான், ஒரினோகோ நதிகளின் நன்னீர் அங்கே மேலாகப் பரவும். உப்பு குறைவு, எடையும் குறைவு. அதனால் அடியில் உள்ள கனமான நீரோடு எளிதில் கலக்காது. அங்கே புயல் கடைந்தாலும் குளிர் நீர் சுலபமாக மேலே வராது.

கோவை: 2024-ல் மட்டும் ஏன் இவ்வளவு சூடு? எல்லாம் புவி வெப்பமயமாதல்தானா?

அடித்தளம் அதுதான். பல பத்தாண்டுகளாகச் சூடு ஏறிக்கொண்டே வரும் கடல். அதற்கு மேல், முந்தின குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் கிழக்கிலிருந்து சீராக வீசும் வணிகக் காற்று மந்தமாக இருந்தது. காற்று வீசாவிட்டால் ஆவியாவது குறைவு, கடல் ஆறாது. ஆற்றாமல் வைத்த டம்ளர் பால் மாதிரி. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம்) முடிகிற வசந்த காலத்தில் வெப்பமண்டல அட்லாண்டிக் சூடேறுவதும் வழக்கம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன.

நாகர்கோவில், பள்ளி ஆசிரியர்: கடல் சூடுதான் காரணம் என்றால், அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஏன் ஒன்றுமே வரவில்லை? அப்போதும் கடல் சூடாகத்தானே இருந்தது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆகஸ்ட் 20 வாக்கில் எர்னஸ்டோ ஓய்ந்த பிறகு, செப்டம்பர் 9-ல் பிரான்சீன் பெயர் பெறும்வரை அட்லாண்டிக் வெறிச்சோடிக் கிடந்தது. சீசன் உச்சியில் அப்படி நடப்பது அபூர்வம். விறகு மலைபோல் இருந்தது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் காற்றலைகள்தான் புயலுக்கு வித்து. அவை அந்த வருடம் வழக்கத்தைவிட வடக்கே விலகி, சஹாரா பக்கத்து வறண்ட காற்றில் மாட்டிக்கொண்டன. மேல் வளிமண்டலமும் சூடாக இருந்ததால், முன்னே சொன்ன கீழ்-மேல் வித்தியாசம் சுருங்கிப்போனது.

ஜூனில் பொதுவாக இதே தடைகள் இன்னும் கடுமை. சஹாரா தூசி உச்சத்தில் இருக்கும். கீழ்க்காற்று ஒரு பக்கமும் மேல்காற்று ஒரு பக்கமும் இழுக்கும் விண்ட் ஷியரும் சேர்ந்து புயலின் தலையைத் தனியே தள்ளிவிடும். பெரில் போன பாதையில் அந்த வாரம் ஷியர் குறைவு, ஈரமும் இருந்தது. வாசல் கொஞ்சம் திறந்தது, உள்ளே அடுப்பு தயாராக இருந்தது. கடல் சூட்டை மட்டும் வைத்துச் சொல்லும் முன்னறிவிப்பை நான் நம்புவதில்லை.

ஹூஸ்டன்: அண்ணா, இங்கே வரும்போது அது முதல் வகைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஆறு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மாவெல்லாம் குப்பைக்குப் போனது.

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தைக் கடந்ததில் மெலிந்துதான் வளைகுடாவுக்குள் வந்தது. பிறகு சூடான நீரில் மறுபடி தேறிக்கொண்டே ஜூலை 8 அன்று டெக்சாஸின் மாட்டகோர்டா அருகே கரையேறியது, மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் காற்றோடு. இன்னும் அரை நாள் கடலில் கிடைத்திருந்தால் கதை வேறு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. பின்னாலேயே கொளுத்தும் வெயில். வகை எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்கிறது. மரம் எந்தக் கம்பியில் விழும் என்று சொல்வதில்லை.

காரைக்கால்: நம் வங்கக் கடல் எப்போதும் சூடுதானே? ஜூலையில் ஏன் பெரும் புயல் இல்லை?

ஷியர்தான். பருவமழைக் காலத்தில் கீழே தென்மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று. அதனால்தான் நமக்குப் புயல் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பருவம்.

சேலம்: சீக்கிரம் ஒன்று வந்தால் அந்த வருடமே மோசம் என்று அர்த்தமா?

வளைகுடாவில் பிறந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பெரில் மாதிரி நடு அட்லாண்டிக்கில் பிறந்தால் கவனிக்க வேண்டும். 2024 கடைசியில் 18 பெயரிட்ட புயல்கள், 11 ஹரிகேன் என்று முடிந்தது. ஆனால் 2013 ஜூலையிலும் சாண்டல் அந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. அந்த வருடம் மொத்தமே இரண்டு ஹரிகேன்.

சேலம், மறுபடி: பெரில் என்ற பெயர் இனி வருமா?

வராது. 2025-ல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு பிரியானா.