ரீயூனியனில் முதுகலை: மாதம் 615 யூரோ போதுமா?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவுக்கு முதுகலை படிக்கப் போகிறேன். விசாவுக்கு மாதம் 615 யூரோ கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். அதில் காலம் தள்ள முடியுமா?

எனக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து முடிந்தது. முதல் நான்கு மாதங்கள் கடன் வாங்கித்தான் ஓட்டினேன்.

2022 முதல் 2024 வரை சேன்-தெனி நகரின் மூஃபியா வளாகத்தில் படித்தேன். கிளம்புவதற்கு முன் வாடகை, சாப்பாடு, பஸ், கைப்பேசி என்று வரிசையாக எழுதிப் பன்னிரண்டால் பெருக்கி, அப்பாவிடம் காட்டிப் பாராட்டும் வாங்கியிருந்தேன். கூட்டலில் பிழையில்லை. எந்தப் பணம் எந்தத் தேதியில் போகும், எந்தத் தேதியில் வரும் என்ற கட்டம்தான் அதில் இல்லை.

நான் எடுத்தது சாமான்களோடு கூடிய ஒற்றை அறை, வாடகை 480 யூரோ. அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. ஆக, சாவி கைக்கு வரும் முன்பே 1,440 யூரோ. ஒரு யூரோ ஏறக்குறைய 80 ரூபாயாக இருந்த காலம் அது, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஒரே நாளில் போயிற்று. வீட்டுக் காப்பீட்டுச் சான்று இல்லாமல் சாவி தரமாட்டார்கள் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் தெரியும். ஜாமீன் யார் என்றும் கேட்பார்கள். பிரான்சில் எனக்கு யாரைத் தெரியும்? 'விசாலே' என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது, ஊரிலிருந்தே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைத்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம், ஆனால் அறைகள் குறைவு.

அடுத்தது வாடகை உதவி. 'காஃப்' என்று எல்லோரும் சொல்லும் குடும்பநல நிதியிலிருந்து எனக்கு மாதம் ஏறக்குறைய 200 யூரோ வந்தது. குடிபுகுந்த மாதத்துக்கு உதவி கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து உரிமை தொடங்கும், அதற்கான பணம் அதற்கும் அடுத்த மாதம் ஐந்தாம் தேதிவாக்கில் வரும். நான் செப்டம்பர் 1 அன்று குடிபோனேன் என்றதும், பக்கத்துத் தெருவில் இருந்த புதுச்சேரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, ஆகஸ்ட் 31 அன்றே கையெழுத்துப் போட்டிருக்கலாமே!" ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத உதவியை விட்டிருந்தேன். அதோடு முடியவில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நண்பன் ஒருவனிடம் செய்து வாங்கியிருந்தேன். நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஜனவரி ஆகிவிட்டது. நிலுவை மொத்தமாக வந்தது உண்மைதான். ஆனால் நவம்பரில் பசித்தவனுக்கு ஜனவரிப் பணம் எதற்கு?

இந்த உதவியை வரவுப் பக்கம் எழுதவே வேண்டாம் என்பேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அதைக் குறைப்பது பற்றி 2025இல் பிரான்சில் பெரிய விவாதம் எழுந்தது. எனக்கு மாதச் செலவு 690 யூரோ, உதவி போக 490. உதவி இல்லாவிட்டால் 615 கட்டாது.

கல்விக் கட்டணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆண்டு நான் கட்டியது 243 யூரோ, மாணவர் நலக் கட்டணம் 95. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த முதுகலைக் கட்டணம் 3,770. பல்கலைக்கழகம் விலக்கு அளித்தால்தான் குறையும். உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் விலக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வாய்ச்சொல் போதாது.

சாப்பாடு இந்தத் தீவின் தனிக்கதை. பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருகின்றன, இறக்குமதிக்குக் கடல்வரி வேறு. 2022இல் பிரெஞ்சு அரசின் புள்ளியியல் நிறுவனம் எடுத்த கணக்கில் உணவுப் பொருள் விலை ஐரோப்பியப் பிரான்சைவிட 37 சதவீதம் அதிகம். பாரிஸ் மாணவர்கள் தரும் பட்டியலை நம்பி வராதீர்கள். பாலாடைக்கட்டி, ஆப்பிள் பக்கம் போகாமல் அரிசி, பருப்பு, உள்ளூர்க் கீரை என்று நம் வழியில் சமைத்தால் சமாளிக்கலாம். வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஷோத்ரோன் சந்தை, புதன் காலையும் ஞாயிறு காலையும். அங்கே கருவேப்பிலைக்குத் தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழியில் 'கலுப்பிலே' என்று பெயர், முருங்கைக்கீரை 'பிரெத் முருங்'. தமிழ் பேசுவது நின்று தலைமுறைகள் ஆன வீடுகளிலும் இலையின் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. நான் படித்தபோது பல்கலைக்கழக உணவகத்தில் முழுச் சாப்பாடு 3.30 யூரோவாக இருந்தது. தைப்பூசக் காவடியன்று கோயிலில் வாழையிலைச் சாப்பாடு, அதற்குக் கணக்கில்லை.

புயலுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது மின்சாரமும் தண்ணீரும் போயின. குளிர்பெட்டியில் பத்து நாளுக்கென்று சேர்த்திருந்த மீன் வீணானது, குடிநீரும் டின் உணவும் வாங்கியதில் அந்த மாதக் கணக்கு கவிழ்ந்தது.

பகுதிநேர வேலையை நம்ப வேண்டாம். ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை அனுமதி உண்டு, ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கே வேலை அரிதான தீவு. கடன் ரூபாயில், செலவு யூரோவில் என்பதையும் மறக்காதீர்கள். 2025 இறுதியில் யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது.

ஆகவே, 615ஐப் பன்னிரண்டால் பெருக்குவதோடு விடாமல், கிளம்பும்போதே தனியாக 2,500 யூரோ கையில் இருக்கும்படி பாருங்கள். அதில் ஒரு பகுதி முன்பணமாகத் திரும்பி வரும், ஆனால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான். வங்கிக் கணக்கை மூடிவிட்டு விமானம் ஏறாதீர்கள். நான் ஜூலையில் வந்துவிட்டேன், முன்பணம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அடுப்புக்குப் பின்சுவரில் மஞ்சள் கறை இருந்ததாம், 60 யூரோ பிடித்துக்கொண்டு 900 அனுப்பியிருந்தார்கள். கொடுத்தபோது 80 ரூபாயாக இருந்த யூரோ அதற்குள் 90ஐத் தாண்டியிருந்ததால் அப்பா கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.