நடுவில் நிறுத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா ஒரு விண்வெளிப் படத்துக்குக் கூட்டிப்போனார். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. இன்றும் நான் அதிகம் வாசிப்பது அறிவியல் புனைகதைதான். என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவளுக்கும் அந்த ருசி வர வேண்டும் என்று போன மாதம் வீட்டில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ போட்டேன். புரிய வேண்டுமே என்று அடிக்கடி நிறுத்தி விளக்கினேன். பாதியிலேயே நெளிய ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, “அந்தக் கம்ப்யூட்டர் நிஜமாவே பயந்துச்சாம்மா?” என்று மட்டும் கேட்டாள். அது வெறும் ப்ரோகிராம், அதற்குப் பயமெல்லாம் கிடையாது என்றேன். ஃபோனிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வியப்பு என்பதே போய்விட்டதா? அறிவியல் பிழை இல்லாத படங்களை எந்த வரிசையில் காட்டலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

வி.

அன்புள்ள வி.,

சில வாரங்களாகவே எனக்கு என் மாமாவின் நினைவு. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் இந்தப் படத்தின் பெயரைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னை இதே படத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான்.

ஃபோன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். உங்கள் மகளிடம் வியப்பு நிறையவே இருக்கிறது. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை.

அறிவியல் பிழை பற்றியும் இவ்வளவு கவலை வேண்டாம். ழூல் வெர்ன் 1865இல் எழுதிய நாவலில் 900 அடி நீளப் பீரங்கி ஒன்றிலிருந்து மனிதர்களை நிலவை நோக்கிச் சுடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நீளத்துக்குள் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர்கள் மேல் புவியீர்ப்பைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல் விசை அழுத்தும். கிளம்பும்போதே கூழாகியிருப்பார்கள். அந்த வெர்னைப் படித்துத்தான் ரஷ்ய அறிவியலாளர் ஸியோல்கோவ்ஸ்கிக்கு விண்வெளி ஆசை வந்தது, ராக்கெட்டின் கணக்கை அவர் எழுதினார். செவ்வாய்க்காரர்கள் படையெடுத்து வரும் எச்.ஜி. வெல்ஸின் கதையைப் பதினாறு வயதில் படித்த அமெரிக்கர் காடார்ட்தான் 1926இல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலில் பறக்கவிட்டார். பிழை அவர்களை ஒன்றும் செய்துவிடவில்லை. உங்கள் மகளையும் செய்யாது.

மாமாவுக்கு வருகிறேன். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எட்டு வயது, எனக்கும் தெரியாது. 1968இல் வந்த படம் அது. நாங்கள் பார்த்தது பின்னால் மறுபடி திரையிட்டபோது. அந்தப் படத்தில் முதல் வசனம் வருவதற்கே 25 நிமிடம் ஆகும். கடைசி இருபது நிமிடத்துக்கு மேல் பேச்சே கிடையாது. வந்திருந்தவர்களில் பலர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். மாமா எழவில்லை. முன்சீட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதன் மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு பார்த்தார். விண்கலத்துக்குள் ஒருவன் சக்கரம் மாதிரி வளைந்த தரையில் சுற்றிச் சுற்றி ஓடுவானே, அந்த இடத்தில் மட்டும் “அட” என்றார். முழுப் படத்துக்கும் அவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

வெளியே வந்ததும், கடைசியில் அந்த ஆளுக்கு என்ன ஆச்சு, அந்தக் குழந்தை யாரு என்று நான் அரித்தெடுத்தேன். மாமா கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “எனக்கும் ஒண்ணும் புரியலடா” என்றார்.

ஒரு பெரியவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரியாததைக் கேட்டால் அடி விழுந்தது. பெரியவர்களுக்கும் புரியாதது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அவரும் நானும் சமமாக யோசிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அறிவியல் புனைகதைமேல் எனக்கு வந்த காதலுக்கு வேர் எது என்று கேட்டால், படத்தைவிட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

மறுநாள் பட்டறைக்குக் கூப்பிட்டார். கழற்றிப் போட்டிருந்த ஒரு பெரிய பேரிங்கின் வெளிவளையத்தைத் துணியால் துடைத்து மேஜைமேல் நிறுத்தினார். உள்பக்கப் பள்ளத்தில் ஒரு எஃகுக் குண்டை விட்டு, வளையத்தின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு மெதுவாக உருட்டினார். கோடு மேலே போய்ச் சுற்றிவந்தது. குண்டு அடியிலேயே நின்று தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. “பாத்தியா? ஓடுறவன் அடியிலேயேதான் இருக்கான். ரூம்தான் சுத்துது. காமிராவையும் ரூமோட சேத்துக் கட்டிட்டா, அவன் மேல ஏறுற மாதிரி தெரியும்.” ராத்திரி முழுக்க அதையே யோசித்திருக்கிறார். அந்தப் படத்துக்காக 38 அடி குறுக்களவுள்ள சக்கரத்தை நிஜமாகவே கட்டிச் சுழற்றினார்கள் என்று நான் படித்தது பல வருடம் கழித்து. அப்போது மாமா இல்லை.

கதைப்படி அந்தச் சக்கரம் எதற்குச் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அதையும் நானே பின்னால் தேடிப் பிடித்தேன். சுழற்சி உடம்பை வெளிப்பக்கம் அழுத்துவதால் எடை இருப்பது போலத் தோன்றும். அவ்வளவு சின்ன சக்கரத்தில் நிற்பவனுக்குத் தலையில் உணரும் ஈர்ப்பு, காலில் உணர்வதைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைவாக இருக்கும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! மாமா அன்றே விடையைச் சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

நீங்கள் செய்ததைப் பாருங்கள். அடிக்கடி நிறுத்தினீர்களாம், விளக்கினீர்களாம். எதற்கு? ஒரு குழந்தை இருட்டைப் பார்த்துக் கண்ணை விரிக்கும் நேரத்தில் விளக்கைப் போட்டுவிட்டு, இதோ நாற்காலி, இதோ மேஜை என்று காட்டியிருக்கிறீர்கள். நெளியாமல் என்ன செய்வாள்? படத்தின் இயக்குநர் குப்ரிக்குக்கு விளக்கத் தெரியாமலா போயிற்று? படத்தின் தொடக்கத்தில் வைப்பதற்காக ஃப்ரீமன் டைசன் உள்ளிட்ட அறிவியலாளர்களின் பேட்டிகளைப் படமாக்கி வைத்திருந்தார்கள். பின்னணியில் கதையை விளக்கும் குரலும் திட்டத்தில் இருந்தது. இரண்டையும் அவர் தூக்கிப் போட்டார். படம் வெளியான பிறகும் சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். பலர் புரியவில்லை என்று கத்தியபோதும் விளக்கத்தை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. அவர் அவ்வளவு பிடிவாதமாக வெளியே தள்ளியதை நீங்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திரும்ப உள்ளே வைத்திருக்கிறீர்கள். அன்பினால் செய்தீர்கள், தெரியும். இருந்தாலும் செய்யாதீர்கள். நிறுத்தும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். அவள் கேட்டால்கூடப் படம் முடிந்த பிறகு பேசுங்கள். உங்கள் அப்பா உங்களுக்கு நடுவில் நிறுத்தியா காட்டினார்?

இப்போது அந்தச் சாட்சி. “அந்தக் கம்ப்யூட்டர் நிஜமாவே பயந்துச்சாம்மா?” இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் அம்மா, அந்தப் பெண்! ஹால் என்ற அந்தக் கம்ப்யூட்டரின் நினைவுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, பயமாக இருக்கிறது என்று அது சொல்கிறது. குரல் தேய்ந்து தேய்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடுகிறது. 1961இல் பெல் ஆய்வகத்தில் நிஜக் கணினி ஒன்றைப் பாட வைத்த அதே பாட்டு. அது பயமா, பயம் போன்ற சத்தமா? நான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. இயந்திரங்கள் நம்மோடு பேச ஆரம்பித்துவிட்ட இன்றைக்கு இதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது? உங்கள் மகள் அங்கே போய் நிற்கிறாள். நீங்கள் “வெறும் ப்ரோகிராம்” என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். இன்றைக்கே போய் அவளிடம், “எனக்கும் தெரியாது, உனக்கு என்ன தோணுது?” என்று கேளுங்கள்.

சரி, பட்டியல். அதை நான் அனுப்பப் போவதில்லை. அடுத்த முறை திரையரங்கில் ஓடும் படத்துக்குப் போங்கள். எந்தப் படம் என்று அவளே போஸ்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். போவதற்கு முன் நீங்கள் அதைப் பற்றி எதுவும் படிக்காதீர்கள். படம் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் ஏதாவது கேட்டால், உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததை மறுநாள் வரைக்கும் உங்களுக்குள்ளேயே வைத்திருங்கள்.