சுவிஸ் போய்வர உண்மையில் எவ்வளவு செலவாகும்?

கேள்வி: நாங்கள் ஹட்டனில் இருக்கிறோம். தங்கை பேர்ன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஜூலையில் நானும் கணவரும் பத்து நாள் போய்வர யோசிக்கிறோம். "அங்கே தேத்தண்ணி குடிக்கவே கட்டாது" என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். காசு எதில்தான் போகும்?

பதில்: தங்கை வீட்டில் தங்குவதால் அறை வாடகை என்ற பெரிய செலவு உங்களுக்கு இல்லை. கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தால் 5 பிராங்க் அளவில் வரும், அது உண்மைதான். ஆனால் பையைக் காலியாக்குவது ரயில்.

முதலில் விசா. 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி கட்டாயம். சொந்தச் செலவில் போவதென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 பிராங்க் காட்ட வேண்டும். உங்கள் இருவருக்கும் 2,000. இல்லாவிட்டால் தங்கை 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்திடலாம். அந்தக் காசை அவர் எங்கும் கட்டி வைக்கத் தேவையில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டணம் போன்றதைச் செலுத்தாமல் வந்தால்தான் அவர் தலையில் விழும். தயவுசெய்து கைமாற்று வாங்கி, விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் போடாதீர்கள். வங்கிக் கூற்றில் அது பளிச்சென்று தெரியும்.

இனி ரயில். விமானத்தில் சூரிச்சில் இறங்கினால், அங்கிருந்து பேர்னுக்கு முழுக் கட்டணம் ஒரு வழிக்கே 50 பிராங்க் அளவில் வரும். வெளிநாட்டவருக்கு ஒரு மாதத்துக்கான அரைக்கட்டண அட்டை உண்டு. மலை ரயில்களில் பெரும்பாலானவற்றுக்கும் செல்லும். நாள் முழுக்கச் சுற்றுவதற்கான சலுகை நாள் டிக்கெட் 52 பிராங்கிலிருந்து, அரைக்கட்டண அட்டை இருந்தால் 29 பிராங்கிலிருந்து கிடைக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனை தொடங்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். இன்னொரு வகை மலிவு டிக்கெட், நீங்கள் தெரிவுசெய்த அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதித்தால் அது வீண், எனவே வந்திறங்கும் நாளுக்கு வாங்க வேண்டாம்.

3,454 மீற்றர் உயரத்திலுள்ள மலை ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோக்குக்கு இன்டர்லாக்கன் நகரிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். நுவரெலியாவில் மூடுபனி இறங்கினால் எதிர்மலை தெரியாதே, அங்கும் அதே கதிதான். காலையில் உச்சியின் நேரலைக் கமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

சாப்பாட்டை வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். உணவகத்தில் ஒரு தட்டு 20 பிராங்குக்கு மேல். தண்ணீர் வாங்கவே வேண்டாம். சூரிச்சில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட குடிநீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். மிளகாய்த்தூள், பருப்பு, நம் தேயிலை கொண்டுபோகலாம். நெய்யும் இறைச்சியும் கூடாது. தங்கை ஆசையாகக் கேட்டாலும் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள்.

கேள்வி: கார்டில் கட்டும்போது "ரூபாயா, பிராங்கா" என்று கேட்டால்?

பதில்: பிராங்க். ரூபாயை அமுக்கினால் அந்த மெஷின்காரர் வைத்த மாற்று விகிதம் விழும், அது பெரும்பாலும் உங்கள் வங்கி விகிதத்தைவிட மோசம். வங்கி அறவிடும் வெளிநாட்டுக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று புறப்படுமுன் கிளையில் கேட்டு வையுங்கள்.