கார்பன் துணியும் ஐப்பசி ஈரமும்: வாசகர் கேள்விகள்

மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குக் கார்பன் துணியில் மூடி செய்கிறோம். வேக்கம் இன்ஃப்யூஷன் முறைதான்: அச்சில் துணியைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் பை ஒட்டி, பம்பால் காற்றை இழுத்து, ரெசினை (இறுகும் பிசின்) உள்ளே விடுகிறோம். சித்திரையில் கண்ணாடியாக வந்தது, ஐப்பசியில் மேலெல்லாம் ஊசித்துளை. அதே ரெசின், அதே பம்ப்.
– மன்னார்குடி வாசகர்

ரெசினைத் திட்டுமுன் பையைப் பாருங்கள். முழு வேக்கம் வந்ததும் குழாயைக் கவ்வி மூடிவிட்டு 15 நிமிடம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் கசிவு. பெரும்பாலும் மூலை மடிப்பில் இருக்கும். இல்லையென்றால் ஒட்டுநாடாவுக்கு அடியில் ஒரே ஒரு கார்பன் இழை மாட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே காற்று உள்ளே போய்விடும்.

கசிவு இல்லையென்றால் ஈரம்தான். 30 டிகிரியில், அழுத்தம் சுமார் 42 மில்லிபாருக்குக் கீழே போனால் தண்ணீர் கொதிக்கும். நல்ல பம்ப் அதையும் தாண்டி இழுக்கும். அடைமழையில் துணியும் அடுக்குகளுக்கு நடுவில் வைக்கும் மரமும் குடித்த ஈரம் பைக்குள் ஆவியாகி, ரெசினில் குமிழாக நின்றுவிடுகிறது. துணிச்சுருளைப் பாலித்தீனில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வையுங்கள். பை போட்டபின் ரெசின் விடாமல் ஒரு மணி நேரமாவது பம்பை ஓட்டுங்கள். இன்னொன்று: ரெசின் குளிர்ந்தால் கெட்டியாகி இழைக்கட்டுக்குள் சரியாக இறங்காது. மூடிய டின்னை வெந்நீரில் நிறுத்தி 30 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்குங்கள். நிரம்பியதும் ரெசின் வரும் குழாயை மூடுங்கள். ரெசின் ஓடாமல் உறையும்வரை பம்பை நிறுத்த வேண்டாம்.

ட்ரோனுக்குக் கார்பன் மூடி போட்டால் ஜிபிஎஸ் கிடைப்பதில்லை. ஏன்?
– ஒரத்தநாடு வாசகர்

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஆன்டெனாவுக்கு மேலே அது தகரத்துக்குச் சமம். அந்த இடத்தை மட்டும் கண்ணாடி இழைத்துணியில் போடுங்கள்.

படகுக்கு வாங்கிய பாலியெஸ்டர் ரெசின் மிச்சம் இருக்கிறது. கார்பனுக்கு ஆகுமா?
– நாகப்பட்டினம் வாசகர்

வேண்டாம். கடையில் கிடைக்கும் கார்பன் துணியில் பெரும்பாலும் எபாக்சிக்கு (இன்னொரு வகை ரெசின்) ஏற்ற பூச்சுதான் இருக்கும். பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காமல் அடுக்கு அடுக்காக உரியும். விலை கூடிய துணியை மலிவு ரெசினில் முக்குவது வீண் செலவு. உங்கள் ஊர் உப்புக்காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு: கார்பன் நேரடியாகத் தொடும் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து அரிக்கும். நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடித்துணி போடுங்கள்.

சிலைக்குச் செய்வதுபோல் மெழுகில் வடிவம் பிடித்து, மேலே கார்பன் சுற்றி, மெழுகை உருக்கி எடுக்கலாமா?
– சுவாமிமலை வாசகர்

ஆகும். அச்சைக் கழற்ற வழியில்லாத வளைந்த குழாய்க்கு நல்ல முறை. ஆனால் சிலையில் மெழுகின் முகம்தான் வெளிமுகம். இங்கே அது உள்முகம். வெளிப்பக்கத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வார்ப்பு மெழுகில் குங்கிலியத்தோடு கடலை எண்ணெயும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணெய் கசிந்தால் ரெசின் பிசுபிசுப்பாகவே நிற்கும். பிவிஏ கரைசலை (காய்ந்தால் மெல்லிய படலமாகும் பிரிப்புப் பூச்சு) இரண்டு கை பூசி, காய்ந்தபின் துணி சுற்றுங்கள்.

தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும். ஒரேயடியாக ஆறேழு அடுக்கு போட்டால் ரெசின் இறுகும் சூட்டிலேயே வடிவம் குழைந்துவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) எடுத்து, இரண்டிரண்டு அடுக்காகப் போடுங்கள். உருக்கவும் அவசரம் வேண்டாம். அறைச்சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஒரு வாரம் இறுகவிட்டு, மணலில் புதைத்துத் தாங்கல் கொடுத்து, மணிக்குப் பத்து டிகிரி வீதம் சூட்டை ஏற்றுங்கள். மெழுகு வடிய அடியில் ஒரு வாய் திறந்திருக்கட்டும்.