ரிசர்வ் வங்கியின் மும்பை அருங்காட்சியகத்தில் நாணயங்களைத் தாண்டி எதைக் கவனிக்க வேண்டும்?

விக்டோரியா காலத்து நோட்டுகளிலிருந்து 1926 வரையிலான பகுதியை அவசரப்படாமல் பாருங்கள் என்பேன். முத்திரை குத்திய பழங்காலக் காசுகளும் முகலாயர் பொற்காசுகளும் எல்லோரையும் இழுத்து நிறுத்திவிடும். காகிதத்துக்கு வருவதற்குள் கால் வலித்து, பலர் ஓட்டமாக ஓடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நோட்டு அச்சிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசுக்குப் போனது. ராணியின் படம் போட்ட அந்த முதல் நோட்டுகள் ஒருபக்கம் மட்டுமே அச்சானவை. சென்னை வட்டத்தில் (நோட்டு செல்லுபடியாகும் பகுதியை அப்படித்தான் அழைத்தார்கள்) வெளியான நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால், வாங்கியே ஆகவேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. தொலைதூரத்துக்குப் பணம் அனுப்பிய வணிகர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தபாலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் கடிதம் வந்த பிறகே மறு பாதி கிளம்பும். வழியில் திருடுபவனுக்குப் பாதி நோட்டால் என்ன பயன்? அருமையான ஏற்பாடு!

அடுத்து 1917. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறி, ரூபாய் நாணயத்தின் மதிப்பைவிட அதிலிருந்த வெள்ளி விலை கூடியதாகிவிட்டது. மக்கள் நாணயத்தைப் பதுக்கினார்கள், உருக்கினார்கள். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஒரு ரூபாய் நோட்டு. கூடவே இரண்டு ரூபாய் எட்டணா, அதாவது இரண்டரை ரூபாய்க்கும் ஒரு நோட்டு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் படம் தாங்கிய அந்த இரண்டு நோட்டுகளும் 1926இல் நிறுத்தப்பட்டன. என்னைக் கேட்டால், இந்திய நோட்டு வரலாற்றில் மிகச் சுவையானது இந்த இரண்டரை ரூபாய் நோட்டுதான். நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு வந்தவர்களைச் சமாளிக்க 1918இல் அமெரிக்காவிடமிருந்து 20 கோடி அவுன்ஸ் வெள்ளி வாங்க வேண்டியிருந்தது. காகிதத்தின் மதிப்பை வெள்ளியைக் கொண்டு காப்பாற்றிய காலம் அது.

ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935இல். அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய். அதே ஆண்டின் 10,000 ரூபாய் நோட்டைத்தான் பலர் தேடுவார்கள். 1946இல் செல்லாததாகி, 1954இல் திரும்பி வந்து, 1978இல் மறுபடி செல்லாமல் போனது அது. பார்க்கலாம், தவறில்லை.

ஆனால் ஒரு ரூபாய் நோட்டிடம் திரும்பி வாருங்கள். 1940இல் அது மீண்டும் வெளியானபோது நாணயத்துக்குரிய தகுதியோடு வந்தது. இன்றும் அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, மத்திய அரசு. அதனால் ஆளுநரின் கையெழுத்து அதில் இருக்காது. கையெழுத்திடுபவர் நிதித்துறைச் செயலர். மற்ற நோட்டுகளில் உள்ள "தருவதாக உறுதி அளிக்கிறேன்" என்ற வாசகமும் அதில் கிடையாது.